நர்சிங் சேர்க்கையில் ஏன் இத்தனை நிபந்தனைகள்?

நர்சிங் படிக்கலாம் என்று முடிவெடுத்து விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுப்பவருக்கு முதலில் வருவது மலைப்புதான். மதிப்பெண் பட்டியல் கேட்பது சரி, எல்லாப் படிப்புக்கும் கேட்கிறார்கள். இங்கே அதோடு நிற்பதில்லை. சின்ன வயதில் அம்மை வந்ததா, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எத்தனை தவணை போட்டாச்சு, முதுகுவலி உண்டா, போலீஸ் வழக்கு ஏதாவது இருக்கிறதா, போன வருஷம் உடம்பு சரியில்லை என்று எத்தனை நாள் லீவு எடுத்தீர்கள் என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். வணிகவியலுக்கு விண்ணப்பிக்கும் தோழியிடம் இதில் பாதியைக்கூட யாரும் கேட்பதில்லை.

வணிகவியல் மாணவர் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அடுத்தவர் கணக்கில் கை வைப்பார். நர்சிங் மாணவர் முதல் வருஷத்திலேயே, பல இடங்களில் முதல் சில மாதங்களிலேயே, நிஜமான நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடியாக இருக்கும் பயிற்சியாக இருக்க வேண்டும். மற்ற நாடுகளில் கணக்கு கூடலாம், குறையலாம். வார்டில் நிற்காமல் நர்ஸ் ஆக முடியாது என்பது எங்கும் ஒன்றுதான். ஆகவே சேர்க்கைக் குழு இரண்டு கேள்விக்குச் சேர்த்துப் பதில் தேடுகிறது. இவரால் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா? இன்னும் சில மாதத்தில் இவரை ஒரு நோயாளியின் கட்டிலருகே விடலாமா? மலைப்பைத் தரும் நிபந்தனைகள் எல்லாம் இரண்டாவது கேள்வியிலிருந்து பிறந்தவை. அதை மனதில் வைத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தால், எதற்கு முதலில் தயாராக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோதே சேர்க்கை விதிகள் இருந்தன. வயது 25 முதல் 35-க்குள் இருப்பது நல்லது, நன்னடத்தைச் சான்று வேண்டும், பெண்களுக்கு மட்டுமே இடம். சேர்ந்த பிறகும் விடுவதில்லை. நேரம் தவறாமை, சுத்தம், உண்மை பேசுதல் எல்லாவற்றுக்கும் மாதா மாதம் பதிவேட்டில் குறிப்பு எழுதினார்கள். இன்று பார்த்தால் அந்த விதிகளில் சில அப்படியே இருக்கின்றன, சில காணாமல் போய்விட்டன. நன்னடத்தை நிலைத்துவிட்டது. வயது வரம்பு வெகுவாகத் தளர்ந்துவிட்டது. பெண்களுக்கு மட்டும் என்பது பல இடங்களில் போராடித்தான் விழுந்தது. அமெரிக்காவில் ஜோ ஹோகன் என்பவர் ஏற்கெனவே பதிவுபெற்ற செவிலியர். பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, ஆண் என்பதால் மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகம் இடம் தர மறுத்தது. அவர் வழக்குப் போட்டார். 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோயாளியின் நலனோடு சம்பந்தமில்லாத நிபந்தனை இப்படித்தான் காலப்போக்கில் உதிர்கிறது, சம்பந்தமுள்ளது இறுகுகிறது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது பாடங்களுக்கு வருவோம். பெரும்பாலான பட்டப்படிப்புகள் பள்ளிப் படிப்பை முழுவதுமாக முடித்திருக்க வேண்டும் என்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட செவிலியர் கல்வித் தரவிதிகளும் இதைத்தான் அடிப்படையாக வைக்கின்றன. அதற்கு மேல் உயிரியல், வேதியியல், கணிதம். உயிரியல் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. வேதியியலைப் பற்றித்தான் நிறையப் பேர் முணுமுணுக்கிறார்கள். டிரிப்ஸில் ஏறும் சலைன் ஏன் சரியாக 0.9 சதவீத உப்புக் கரைசலாக இருக்கிறது? வெறும் தண்ணீரை ரத்தக் குழாயில் நிறைய ஏற்றினால் சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடிக்கும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதேதான். அதைப் புரிந்து படித்தவர் சலைன் பாட்டிலை மாற்றும்போது லேபிளை இரண்டு தடவை பார்ப்பார். எதைத் தவற விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

கணிதம் இன்னும் முக்கியம். நுழைவுத் தேர்வு வைக்கும் நர்சிங் பள்ளிகள் பலவற்றில் அறிவியலுக்கும் மொழிக்கும் பக்கத்தில் கணக்குக்கும் ஒரு பகுதி இருக்கும். அதில் வருவது பின்னம், தசமம், விகிதம், சதவீதம், அலகு மாற்றம். எட்டாம் வகுப்பைத் தாண்டாது. அதனாலேயே அலட்சியமாகப் போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இந்த எளிய கணக்கு வார்டில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருக்கிறார். மொத்தம் 180 மில்லிகிராம். கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து இருந்தால் 7.5 மில்லி கொடுக்க வேண்டும். அடுத்த ஷிஃப்டில் அந்தப் பாட்டில் தீர்ந்து வேறொரு பாட்டில் வருகிறது. நிறமும் மூடியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இதில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். பழைய வழக்கத்தில் அதே 7.5 மில்லியை ஊற்றினால் குழந்தைக்குப் போவது 375 மில்லிகிராம், தேவையானதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். சரியான அளவு 3.6 மில்லி. இதைக் கண்டுபிடிக்க வேண்டியது உயர்கணிதம் படித்தவர் அல்ல. இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், பக்கத்தில் இன்னொரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது ஒரு விகிதக் கணக்கைத் தப்பில்லாமல் போடத் தெரிந்தவர்தான்.

இதற்குத் தயாராக விரும்புபவர் வேறெதையும்விட இரண்டு கணக்கைத் தினமும் போட்டுப் பழகினால் போதும். ஒன்று மேலே சொன்ன மருந்தளவு. இன்னொன்று சொட்டுக் கணக்கு: 1,000 மில்லி டிரிப்ஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுக்க நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பாருங்கள். தசமப் புள்ளி எங்கே நழுவுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மொழித் தகுதியைப் பலர் வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். வார்டில் கேட்டதைக் கேட்டபடி எழுதுவதும் எழுதியதை எழுதியபடி படிப்பதும் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. தொலைபேசியில் அவசரமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். அதனால்தான் பாடம் நடக்கும் மொழியில் தேர்ச்சியை வலியுறுத்துகிறார்கள். அழகான உச்சரிப்பு யாருக்கும் வேண்டாம். புரியாவிட்டால் "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்கத் தெரிய வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கத் தெரிய வேண்டும்.

தடுப்பூசிதான் ரொம்பப் பேரைக் காலை வாரி விடுவது. மதிப்பெண், தேர்வு எல்லாம் முடிந்து இடமும் கிடைத்த பிறகு, கடைசியாகத் தடுப்பூசிச் சான்றைத் தேடுவார்கள். ஹெபடைடிஸ் பி, அதாவது மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஒரு கல்லீரல் தொற்றுக்கான தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அதோடு முடியாது. மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்புச் சக்தி போதுமான அளவுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வராதவர்கள் திரும்பவும் தவணைகளைப் போட வேண்டியிருக்கும். ஆக, ஒன்றுமே போடாதவருக்கு இந்த வழக்கமான அட்டவணைப்படி எல்லாம் சரியாக நடந்தாலும் ஏழெட்டு மாதம் ஆகும். விரைவாக முடிக்கும் அட்டவணைகளும் உண்டு, ஆனால் அவற்றை நம்பிக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

எதற்கு இவ்வளவு கறார்? ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர் விரலில் தவறிக் குத்திவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை இருக்கிறது. எல்லோரும் பயப்படும் எச்.ஐ.வி.க்கு இதே விபத்தில் வாய்ப்பு 0.3 சதவீதம்தான். ஊசியைக் கையாளப் புதிதாகக் கற்பவருக்குத்தான் விரல் நடுங்கும். அவரைத் தடுப்பூசி இல்லாமல் வார்டுக்கு அனுப்புவது அவருக்குச் செய்யும் அநியாயம். தட்டம்மை, சின்னம்மை விஷயத்தில் ஆபத்து எதிர்த்திசையில் போகிறது: மாணவரிடமிருந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்த புற்றுநோயாளிக்கோ பிறந்த குழந்தைக்கோ தொற்றலாம்.

காசநோய்ப் பரிசோதனையில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறை என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் கையைக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம், தட்டம்மை போன்ற உயிருள்ள (பலவீனமாக்கிய கிருமியைக் கொண்ட) தடுப்பூசியையும் இந்தப் பரிசோதனையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசியை முதலில் போட்டுவிட்டால் பரிசோதனைக்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரக்கூடும். இது தெரியாமல் ஒரு மாதத்தைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.

உடல்தகுதி பற்றிய கேள்விகளைப் பார்த்து யாரும் தானாகவே ஒதுங்கிவிட வேண்டாம். நீரிழிவு, ஆஸ்துமா, காது கொஞ்சம் மந்தம் என்பதெல்லாம் தன்னளவில் கதவை மூடுபவை அல்ல. மறைத்துவிட்டுப் பின்னால் தெரிய வரும்போதுதான் சிக்கல் பெரிதாகும், அப்போது நோயை விட்டுவிட்டு நேர்மையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நேர்மை, நடத்தை பற்றிய கேள்விகளுக்குப் பின்னால் ஒரு கொடுமையான வரலாறும் இருக்கிறது. 1991-இல் இங்கிலாந்தின் ஒரு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில், சில வாரங்களுக்குள், ஒரு நர்ஸ் நான்கு குழந்தைகளைக் கொன்றார். இன்னும் பல குழந்தைகளுக்குத் தீங்கு செய்தார். விசாரணைக் குழு 1994-இல் அறிக்கை கொடுத்தது. அவர் பயிற்சிக் காலத்தில் அளவுக்கு மீறி உடல்நலக் காரணம் காட்டி லீவு எடுத்திருந்தார், அதை யாரும் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை என்பது வெளியே வந்தது. இனி செவிலியர் பயிற்சிக்கு வருபவர் கடைசியாகப் படித்த அல்லது வேலை பார்த்த இடத்திலிருந்து, உடம்பு சரியில்லாமல் எத்தனை நாள் வரவில்லை என்ற பதிவையாவது வாங்கிப் பார்க்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. படிவத்தில் இருக்கும் அந்த லீவுக் கேள்வி பொழுதுபோக்காக வந்ததல்ல. அதே நேரம், டைஃபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தவர் பயப்பட ஒன்றுமில்லை. காரணத்தை எழுதி, மருத்துவச் சான்றை இணைத்தால் போதும்.

நேர்காணலின் வடிவம் கடந்த இருபது வருஷத்தில் நிறைய மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் இல்லாமலும், அசுத்தமான விரிப்பிலேயே மணிக்கணக்கிலும் கிடந்ததை விசாரித்த ராபர்ட் ஃப்ரான்சிஸ் 2013-இல் அறிக்கை வெளியிட்டார். செவிலியர் படிப்புக்கு வருபவர் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளை நேரடியாகப் பராமரித்திருக்க வேண்டும், பரிவும் அக்கறையும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் இரண்டு. அறிவு இருந்தும் மனம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று பார்த்த பிறகு வந்த யோசனை அது. இன்னொரு பக்கம், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்காக உருவான பல்நிலை நேர்காணலை நர்சிங் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன. ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் உட்காருவதற்குப் பதில், விண்ணப்பதாரர் அறை அறையாகப் போய் ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் ஒரு சூழலைக் கையாள வேண்டும்.

எப்படிக் கேட்பார்கள்? உதாரணத்துக்கு: உங்களோடு படிக்கும் தோழி பி.பி. பார்க்காமலேயே சார்ட்டில் ஓர் எண்ணை எழுதுவதைப் பார்க்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? பலர் உடனே "ஆசிரியரிடம் சொல்வேன்" என்பார்கள். சிலர் "தோழியிடம் தனியாகப் பேசுவேன்" என்பார்கள். இரண்டும் தப்பில்லை. ஆனால் இரண்டிலும் கட்டிலில் படுத்திருப்பவர் காணாமல் போய்விட்டார். அவருடைய பி.பி. இப்போது எவ்வளவு என்று இன்னும் யாருக்கும் தெரியாது. "முதலில் பி.பி.யைப் பார்த்துச் சரியான எண்ணை எழுத வைப்பேன், பிறகு அவளிடம் பேசுவேன், பொறுப்பாளரிடமும் சொல்வேன்" என்று தொடங்குபவர் நோயாளியிடமிருந்து யோசிக்கிறார். மனப்பாடம் செய்து போகிற பதிலில் இந்த வரிசை வருவது அபூர்வம்.

ஏன் நர்சிங் படிக்க வருகிறேன் என்று எழுதித் தரும் விருப்ப விளக்கக் கடிதத்துக்கும் இதே அளவுகோல்தான். "சிறுவயது முதலே சேவை செய்ய ஆசை" என்று எழுதாதவர்கள் குறைவு. பாட்டிக்குப் படுக்கைப்புண் வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததையும், மூன்றாவது நாள் தனக்கு எரிச்சல் வந்ததையும், அதற்குப் பிறகும் எழுந்ததையும் ஒருவர் எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, எல்லாம் இருந்தும் இடம் கிடைக்காவிட்டால்? இதுதான் மனதை நோகடிக்கும் பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி 2023-இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தார்கள், பற்றாக்குறை 58 லட்சம். இவ்வளவு தேவை இருக்கும்போது தகுதியானவர்களைத் திருப்பி அனுப்புவார்களா? அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் பட்டப்படிப்பு, மேற்படிப்பு தரும் நர்சிங் பள்ளிகள் 2023-இல் மட்டும் தகுதியுள்ள 65,766 விண்ணப்பங்களை நிராகரித்தன என்று அங்குள்ள நர்சிங் கல்லூரிகளின் கூட்டமைப்பு கணக்கிட்டது. ஆசிரியர்கள் போதவில்லை, பயிற்சிக்கு வார்டுகள் போதவில்லை. வகுப்பறையில் ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டுவிடலாம். வார்டில் ஓர் ஆசிரியர் பொதுவாக எட்டுப் பத்து மாணவர்களுக்கு மேல் கண்காணிக்க முடியாது. ஒரு நோயாளியைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்கவும் கூடாது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதை உங்கள் தகுதிக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கே குறைந்தது என்று பள்ளியிடமே கேளுங்கள், பல பள்ளிகள் சொல்லும்.

இந்த நெருக்கடியில்தான் குறுக்குவழி காட்டுபவர்கள் வருகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் செவிலியர் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு அறிவித்து 25 பேர் மீது வழக்குத் தொடர்ந்தது. உண்மையாகவே படிக்க நினைப்பவர் விழும் பள்ளம் வேறு: கட்டடமும் சீருடையும் எல்லாம் இருக்கும், நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் மட்டும் இருக்காது. அங்கே மூன்று நான்கு வருஷம் படித்தாலும் பதிவு கிடைக்காது, பதிவு இல்லாமல் நர்ஸ் வேலை பார்க்க முடியாது. பள்ளி காட்டும் சான்றிதழை நம்பாமல், கவுன்சில் வெளியிடும் பட்டியலில் நீங்களே பெயரைத் தேடுங்கள். எந்த ஆண்டு வரை அங்கீகாரம் என்பதையும் பாருங்கள். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

வேறு பட்டம் முடித்துவிட்டு வருபவர்களுக்குச் சில நாடுகளில் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் முடியும் விரைவுப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் முன்பு படித்த அறிவியல் பாடங்களுக்கு ஐந்து அல்லது ஏழு வருஷம்தான் ஆயுள் என்று சில கல்லூரிகள் வைத்திருக்கின்றன, அதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஒரு வருஷம் காத்திருக்க நேர்ந்தவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முதல் வாரத்திலேயே ஹெபடைடிஸ் பி முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ உதவியாளராகச் சேர முடிந்தால் சேருங்கள். சோறு ஊட்டுவது, படுக்கை விரிப்பை மாற்றுவது, நடக்க முடியாதவரைக் கழிவறைக்குக் கூட்டிப் போவது என்று வேலை அடிமட்டத்தில் இருக்கும். மூன்றாவது மாதத்தில் உங்களுக்கு இந்த வேலை பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பிடித்திருந்தால், மூன்றாவது ஊசியும் ரத்தப் பரிசோதனையும் முடியும்போது அடுத்த விண்ணப்பம் திறந்திருக்கும். அப்போது விருப்பக் கடிதத்தில் எழுத உங்களிடம் ஓர் ஆள் இருப்பார், அவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.